கடல் கடந்த ஆங்கில ஆசிரியர்: ஜப்பானில் லஃப்காடியோ ஹெர்ன்

இந்தத் தடவை வரலாற்றுப் பக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்டது நம் நாட்டுக் கதை இல்லை, ஜப்பான் கதை. ஆனால் சபாவுக்கோ சரவாக்குக்கோ போஸ்டிங் கிடைத்து, யாரையும் தெரியாத ஊரில் பெட்டியை இறக்கி வைத்த ஆசிரியர்கள் நம்மில் நிறைய பேர் உண்டு. அவர்களுக்கு இது அவ்வளவு தூரத்துக் கதையாகத் தோன்றாது என்று நினைக்கிறேன்.

லஃப்காடியோ ஹெர்ன் 1850-இல் கிரேக்கத் தீவான லெஃப்காடாவில் பிறந்தவர். அம்மா கிரேக்கப் பெண். அப்பா அயர்லாந்துக்காரர், பிரிட்டிஷ் படையில் மருத்துவர். இரண்டு வயதில் பிள்ளையை டப்ளினுக்குக் கொண்டு போனார்கள். நான்கு வயதில் அம்மா கிரேக்கத்துக்கே திரும்பிப் போய்விட்டார். அதன்பிறகு மகன் அவரைப் பார்க்கவே இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். பள்ளியில் படிக்கும்போது இடது கண் பார்வை போனது. 19 வயதில் அமெரிக்கா. அங்கே சின்சினாட்டியிலும் நியூ ஆர்லியன்ஸிலும் பத்திரிகை வேலை. 1890-இல் ஒரு பத்திரிகைக்காக எழுதத்தான் ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார். வந்த கொஞ்ச நாளிலேயே சம்பள விஷயத்தில் பத்திரிகையோடு மனத்தாங்கல். கையில் காசு இல்லை. டோக்கியோ பேராசிரியர் பேசில் ஹால் சேம்பர்லின் போன்றவர்களின் உதவியால் ஓர் ஆசிரியர் வேலை கிடைத்தது. ஆக, நம் கதாநாயகர் லட்சியத்தால் வாத்தியார் ஆனவர் இல்லை. நாற்பது வயதில், வேறு வழியில்லாமல் வகுப்பறைக்குள் வந்தவர்.

வேலை மட்சுவே என்ற ஊரில். ஷிமானே மாநிலத்தின் தலைநகரம்தான், ஆனால் டோக்கியோவிலிருந்து ரொம்பத் தள்ளி, ஷிஞ்சி ஏரிக்கரையில் இருக்கிற பழைய கோட்டை ஊர். 1890 ஆகஸ்டு கடைசியில் போய்ச் சேர்ந்தார். நடுநிலைப் பள்ளியிலும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கணும். சம்பளம் மாதம் 100 யென். அந்த ஊருக்கு அது பெரிய தொகை. மெய்ஜி காலத்து அரசாங்கம் வெளிநாட்டவர்களை நிறைய சம்பளம் கொடுத்து வரவழைத்துக் கொண்டிருந்த நேரம் அது. சம்பளம் பெரிசு, சரி. ஆனால் ஜப்பானிய மொழி தெரியாது. மாணவர்களுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஒற்றைக் கண்ணும் கிட்டப் பார்வை. எழுதும்போது கண்ணுக்குப் பக்கத்தில் காகிதம் இருக்க வேண்டும் என்பதற்காக உயரமான மேசை ஒன்றைப் பிற்பாடு செய்து வைத்துக்கொண்டார்.

அவரை அந்த ஊரில் நிலைக்க வைத்தவர் நிஷிடா செந்தாரோ. அதே பள்ளியின் ஆங்கில ஆசிரியர், ஹெர்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். யாரிடம் எப்படி வணங்கணும் என்பதிலிருந்து வீடு பார்ப்பது வரைக்கும் பக்கத்திலேயே நின்று உதவியவர். காசநோயால் சின்ன வயதிலேயே இறந்துபோனார். 1895-இல் வந்த ஒரு நூலை ஹெர்ன் நிஷிடாவுக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். புதிதாகப் பள்ளிக்கு வருகிற ஆசிரியருக்குக் கையேடு கொடுப்பது, கூட்டம் போடுவது எல்லாம் நாம் செய்கிறோம். ஒரு நிஷிடாவைக் காட்டிவிட்டால் அதில் பாதி தேவைப்படாது என்பது என் எண்ணம்.

குளிர்காலம் வந்தது. மட்சுவே பனி ஹெர்னைப் படுக்கையில் போட்டது. 1891 தொடக்கத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவர் கொய்சுமி செட்சு. சாமுராய்க் குடும்பம், ஆனால் மெய்ஜி மாற்றத்தில் நொடித்துப்போன குடும்பம். அவரே பிறகு மனைவியானார். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. அதனால் தங்களுக்கென்று ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். வினைச்சொல்லுக்கு விகுதி மாறாது, வேற்றுமை உருபு கிடையாது, சொற்களை அப்படியே அடுக்கிப் பேசும் ஒரு ஜப்பானிய மொழி. வீட்டில் அதற்கு ‘ஹெர்ன் மொழி’ என்றே பெயர். செட்சு ஆங்கிலச் சொற்களைக் காதில் விழுந்தபடியே கதகானா எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்துப் படித்தார். ஹெர்ன் தன் பங்குக்குக் கதகானாவில் அவருக்குக் கடிதம் எழுதினார். நம்ம இலக்கணப் பாடத்தில் இப்படி எழுதினால் சிவப்பு மைதான்! ஆனால் அந்த உடைந்த மொழியில்தான் செட்சு பழைய பேய்க்கதைகளைச் சொன்னார். புத்தகத்தைப் பார்த்துப் படிக்காதே, உன் சொற்களிலேயே சொல் என்று ஹெர்ன் கேட்டுக்கொண்டதாகச் செட்சு தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1904-இல் வந்த ‘கைதான்’ என்ற புகழ்பெற்ற கதைத் தொகுப்புக்குப் பின்னால் அப்படிச் சொல்லப்பட்ட கதைகள் இருக்கின்றன.

இனி வகுப்பறைக்கு வருவோம், நமக்கு வேண்டியது அதுதான். மட்சுவே நாள்களைப் பற்றி ஹெர்ன் எழுதிய ஆங்கில ஆசிரியர் நாட்குறிப்பு 1894-இல் நூலில் வெளிவந்தது. மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திய அனுபவம் அதில் நிறைய. ஒரு விஷயம் அவரை ஆச்சரியப்படுத்தியது. எல்லாக் கட்டுரையிலும் ஒரே உவமைகள்! ஃபூஜி மலை என்றால் தலைகீழாகத் தொங்கும் வெள்ளை விசிறி. செர்ரி பூத்தால் கிளையில் சிக்கிய மேகம். பனியில் பூனை நடந்த தடம் என்றால் பிளம் பூ. மாணவர்களின் கற்பனை பல நூற்றாண்டுக்கு முன்பே அவர்களுக்காகச் செய்து வைக்கப்பட்டுவிட்டது என்ற முடிவுக்கு வந்தார்.

படிக்கும்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பாமல் நம் மாணவர்கள் எத்தனை பேர் கட்டுரையைத் தொடங்குகிறார்கள்? முகம் என்றால் நிலவு, நடை என்றால் அன்னம். அன்னத்தை யாரும் பார்த்ததில்லை, அது வேறு கதை. ஆனால் ஹெர்னின் முடிவை முழுசாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பொது உவமை என்பது ஒரு சொத்து. அதைச் சரியான இடத்தில் எடுத்து வைப்பதும் திறமைதான். அதோடு, தலைப்பு கொடுத்தது யார்? நிலவைப் பற்றி எழுது என்றால் பிள்ளை நிலவுக்குரிய உவமையைத்தான் தேடும்.

இதற்குப் பதில் அவருடைய அடுத்த பள்ளியிலேயே இருக்கிறது. 1891 நவம்பரில் குளிருக்குப் பயந்து தெற்கே குமாமோட்டோவுக்கு மாறினார். சம்பளம் இரட்டிப்பு, 200 யென். செட்சுவின் வளர்ப்புப் பெற்றோரையும் தாத்தாவையும் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு இருந்ததால் அந்தப் பணம் தேவையாகவும் இருந்தது. ஆனால் ஊர் பிடிக்கவில்லை. மாணவர்கள் வயதில் மூத்தவர்கள், அதிகம் பேசாதவர்கள். அந்த வகுப்பில் ஒருநாள் ஒரு கேள்வி கொடுத்தார்: மனிதர்கள் நீண்ட காலம் நினைவில் வைத்திருப்பது எதை? ஒரு மாணவன் தன் நான்கு வயதில் அம்மா இறந்ததை எழுதினான். குளிர்காலம், மரங்களில் இலை இல்லை, காற்று வீசுகிறது, எங்கோ காடை கத்துகிறது, படுக்கையில் இருந்த அம்மாவுக்கு அவன் ஓர் ஆரஞ்சு கொடுக்கிறான், அம்மா சிரிக்கிறார். கடன் வாங்கிய உவமை எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஹெர்ன் அதைத் தன் நூலில் சேர்த்தார். அவருடைய அம்மா போனதும் அவருக்கு நான்கு வயதில்தான். அதைப் பற்றி அந்த இடத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1893-இல் முதல் மகன் பிறந்தான். அப்போது சட்டச் சிக்கல். செட்சு பிரிட்டிஷ் குடிமகனின் மனைவியாகப் பதிந்தால் ஜப்பானியக் குடியுரிமை போய்விடும். அதனால் ஹெர்னே 1896-இல் ஜப்பானியராகி, மனைவியின் குடும்பப் பெயரை ஏற்று கொய்சுமி யாகுமோ ஆனார். அதே ஆண்டு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய வேலை. மாணவர்கள் ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொள்ளும் வேகத்தில் நிதானமாகப் பேசுவார். அவர் இறந்த பிறகு அந்த மாணவர் குறிப்புகளே நூல்களாயின. 1903-இல் அந்த வேலை முடிவுக்கு வந்தபோது மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர் இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர் நட்சுமே சோசெகி. குமாமோட்டோவில் ஹெர்ன் இருந்த அதே பள்ளியில் பிற்பாடு ஆங்கிலம் கற்பித்தவர், லண்டனில் இரண்டு ஆண்டு தனிமையில் தவித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். ஹெர்ன் 1904 செப்டம்பரில் டோக்கியோவில் காலமானார்.

வகுப்பில் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கேள்வியைப் படிவம் நான்கு மாணவர்களுக்கு அப்படியே கொடுக்கலாம். முன்னுரை, முடிவுரை வேண்டாம், ஒரே பத்தி போதும் என்று சொல்லிவிடுங்கள். ஆரஞ்சுப் பத்தியை முதலில் காட்டாதீர்கள். காட்டினால் முப்பது பேர் கட்டுரையிலும் ஆரஞ்சு வரும்.