ரேடியோவில் ஒரு பேசும் பொம்மை

பேசும் பொம்மை வித்தையை எல்லாரும் பார்த்திருப்பீங்க. மடியில ஒரு பொம்மை, உதடு அசையாம ஒரு ஆள். வித்தையே அந்த அசையாத உதடுதான். சரி, அதையே ரேடியோவில செஞ்சா? உதடு அசைஞ்சதா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? கழைக்கூத்தாடி கயிறு மேல நடக்கிறதை ரேடியோவில ஒலிபரப்பற கதைதான் :-)

ஆனா அமெரிக்காவில எட்கர் பெர்கன்னு ஒருத்தர் கிட்டத்தட்ட 20 வருஷம் இதையே செஞ்சார். 1936 டிசம்பர்ல ரூடி வாலியோட நிகழ்ச்சிக்கு விருந்தாளியா வந்தார். 1937 மே மாசமே என்.பி.சி.யில, ஒரு காபி கம்பெனி தயவுல, வாராவாரம் அவருக்குன்னு ஒரு நிகழ்ச்சி. ஸ்பான்சர்கள் மாறினாலும் ரேடியோவில 1956 வரைக்கும் ஓட்டினார்.

பொம்மை பேரு சார்லி மெக்கார்த்தி. கோட்டு, தொப்பி, ஒத்தைக் கண்ணாடி, ஊர்ப்பட்ட வாய்க்கொழுப்பு. பெர்கன் கூச்ச சுபாவி. சார்லி யாரையும் விடமாட்டான். டபிள்யூ.சி. ஃபீல்ட்ஸ் மாதிரி பெரிய நடிகர் ரம்பம், மரங்கொத்தின்னு மிரட்டினா, இவன் அவரோட குடிப்பழக்கத்தை வச்சே திருப்பி அடிப்பான். மனுஷன் சொன்னா சண்டையாகும், மரக்கட்டை சொன்னா சிரிப்பு. 1937 டிசம்பர்ல நடிகை மே வெஸ்ட் இதே நிகழ்ச்சியில ஆதாம்-ஏவாள் நாடகத்துல கொஞ்சம் ஏடாகூடமா பேசினதுக்கு, என்.பி.சி. பல வருஷம் அவரைக் கிட்டவே சேர்க்கலை. சார்லியும் அன்னிக்கு அவரோட இரட்டை அர்த்தத்துல பேசினவன்தான். அவனுக்கு ஒண்ணும் ஆகலை!

இத்தனைக்கும் பெர்கனுக்கு உதடு அசையும். அதை சார்லியே கிண்டலடிப்பான். என்னைக் கேட்டா, அவர் வித்தைக்காரரே இல்லை. ரெண்டு குணச்சித்திரங்களை ஒரே தொண்டையில குடிவச்ச எழுத்தாளர். அவுட்புட் சரியா வந்தா உள்ளே கோடு எப்படி இருந்தா என்ன? கேட்டவங்களுக்கு சார்லி நிஜ ஆள். 1938ல பெர்கனுக்கு ஆஸ்கர் கௌரவ விருது கொடுத்தாங்க. வாய் அசையற மாதிரி மரத்துல செஞ்ச ஆஸ்கர்!

இதுவரைக்கும் தமாஷ். 1946ல பெர்கனுக்கு மகள் பிறந்தாங்க, கேண்டிஸ் பெர்கன். (1982ல வந்த 'காந்தி' படத்துல அமெரிக்கப் புகைப்படக்காரரா வருவாங்களே, அவங்கதான்.) பத்திரிகைகள் அந்தக் குழந்தையை 'சார்லியோட தங்கச்சி'ன்னே எழுதின. வீட்ல சார்லிக்குத் தனி அறை, மகளோடதை விடப் பெரிசு. அப்பா ஒரு தொடையில மகளையும் இன்னொண்ணுல சார்லியையும் உட்காரவச்சு, மகளோட பிடரியை அழுத்துவாராம். அவங்க வாயைத் திறக்கணும், குரல் அப்பாவோடது. 1984ல வந்த சுயசரிதையில அவங்களே எழுதியிருக்காங்க. படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வரலை.

பெர்கன் 1978 செப்டம்பர்ல ஓய்வை அறிவிச்சார். லாஸ் வேகஸ்ல கடைசி மேடைகள்னு ஏற்பாடு. அதே மாசம் அங்கேயே தூக்கத்துல இறந்துட்டார். சார்லி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயிட்டான்.

2015ல கேண்டிஸ் இன்னொரு புத்தகம் எழுதினாங்க. உயில் விவரமும் அதுல இருக்கு. சார்லிக்காக 10,000 டாலர். மகளுக்கு ஒண்ணுமில்லை.