டாக்டர்கள் கணினியைத் திருப்பி அனுப்பிய கதை

"புது டெக்னாலஜி வந்தாலே ஊழியர்கள் முரண்டு பிடிப்பாங்க"ன்னு சொல்றவங்க இதைப் படிங்க.

2002 அக்டோபர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனை. இனி மருந்து, பரிசோதனை எல்லாத்தையும் டாக்டர்களே கணினியில் பதியணும்னு வந்தது. செலவு 3.4 கோடி டாலர்.

நோக்கம் நல்லதுதான். எங்க கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். மருந்து மாறிட்டா உயிர் போகும்!

ஆனா நொடியில் எழுதினதுக்கு இப்ப பல நிமிஷம். லாகின் பண்ணணும், திரை திரையா கடக்கணும், நடுவுல எச்சரிக்கை மேல எச்சரிக்கை. ரவுண்ட்ஸ்ல வரிசையா நோயாளிகள் காத்திருக்கும்போது என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. நூற்றுக்கணக்கான டாக்டர்கள் கொதிச்சாங்க. 2003 ஜனவரியில் நிறுத்திட்டாங்க. திரும்பவும் பேனா, திரும்பவும் கிறுக்கல். நஷ்டம் நோயாளிக்குத்தான்.

இன்னிக்குப் பல மருத்துவமனைகளில் விர்ச்சுவல் டெஸ்க்டாப் இருக்கு. எந்த வார்டு கணினியிலும் ஐடி கார்டைக் காட்டினா, விட்ட இடத்திலேயே திரை திறக்கும். அன்னிக்குப் பறிபோன நேரத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்குது.

உங்க ஆபீஸ்ல புது சிஸ்டம் கொண்டு வர்றீங்களா? வாங்குறதுக்கு முன்னாடி, அதைப் பயன்படுத்தப் போறவங்களோட ஒரு நாள் கூடவே நடந்து பாருங்க.