அயியா இரினியின் மண்ணுருவங்கள்

பொன்னையும் வெண்கலத்தையும் பின்வந்தோர் உருக்கிக்கொண்டனர். சுடுமண்ணை உருக்க முடியாது. ஆகவே அது தப்பியது. மத்தியதரைக் கடலின் கிழக்கிலே, சைப்பிரஸ் தீவின் வடமேற்குக் கரையிலுள்ள அயியா இரினி என்ற சிற்றூரை இங்கு குறிப்பிடலாம்.

1929 இல் அவ்வூர்க் குருவானவர் தமக்குக் கிடைத்த மண்ணுருவமொன்றை நிக்கோசியா அருங்காட்சியகத்துக்குக் கொண்டு சென்றார். ஐனார் யெர்ஸ்டாட் தலைமையிலான சுவீடன் நாட்டு ஆய்வுக் குழு அவ்விடத்தை அகழ்ந்தது. ஏறத்தாழ 2,000 உருவங்கள்! பலிபீடத்தைச் சூழ அரைவட்டமாக, சிறியவை முன்னும் பெரியவை பின்னுமாக, வைத்தது வைத்தபடி. பெரும்பாலானவை கி.மு. 7ஆம், 6ஆம் நூற்றாண்டுகளுக்குரியவை. வெள்ளம் கொணர்ந்த மணலே அவற்றை மூடிக் காத்தது.

போர்வீரர், நாற்குதிரைத் தேர், மாட்டுக் கொம்புடைய மனிதர் எனப் பலவகை. பெண்ணுருவம் மிக அரிது. சாணுக்குக் குறைந்தவையும் உண்டு, ஆளுயரத்தனவும் உண்டு. ஆளுயரம் வனைவது இலேசான காரியமன்று. மண் தடித்தால் சூளையில் வெடித்துவிடும். எனவே உள்ளே கூடாக வனைந்தார்கள். அக்குயவரை நான் சிற்பிகள் என்றே சொல்வேன். இத்தனை பேரும் சூழ்ந்து நின்ற இடத்திலே தெய்வச் சிலை கிடைக்கவில்லை. வழிபடப்பட்டதாகக் கருதப்படும் முட்டை வடிவக் கல்லொன்றே கிடைத்தது.

பின்னர் உருவங்கள் பங்கிடப்பட்டன. ஒரு பகுதி நிக்கோசியாவில், மறுபகுதி ஸ்டொக்ஹோமில். அன்றைய சட்டம் அதற்கு இடமளித்தது. என் மனம் இடமளிக்கவில்லை. 1974 இல் தீவும் பிளவுண்டது. அருங்காட்சியகம் கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது, அயியா இரினி வடக்கே.