அடுக்குப் பெட்டி வாங்கும் முன் ஒரு சின்ன வரலாறு

வீட்டுக்குக் குழாய் ரிப்பேர் பார்க்க வருகிற பிளம்பரின் கையில் என்ன இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெங்களூரோ நம்ம ஊரோ, பெரும்பாலும் ஒரு சிமெண்ட் சாக்கு, மிஞ்சினால் ஒரு தோள்பை. உள்ளே கையை விட்டு ஐந்து நிமிஷம் துழாவுவார். கேட்ட ஸ்பேனர் கிடைக்காது. கடைசியில் மொத்தத்தையும் நம் வீட்டுத் தரையில் கொட்டுவார். அப்போது வீட்டம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே :-)

வேடிக்கை என்னவென்றால், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பூட்டுகிற வித்தை நமக்குப் புதிதே இல்லை. பாட்டி வீட்டில் அடுக்குப்பானை இருந்தது. டிபன் கேரியர் அதைவிட ஒரு படி மேல். ஒரு கிண்ணத்தின் அடி அடுத்ததன் வாயில் உட்காரும். பக்கச் சட்டமும் மேல் கொக்கியும் நாலு கிண்ணத்தை ஒரே சாமானாக்கிவிடும், ஒரு கையால் தூக்கிப் போகலாம். இன்று வேனுக்குள் அடுக்குகிற பிளாஸ்டிக் கருவிப்பெட்டிக்கும் சூத்திரம் இதுதான். சாம்பாருக்குச் செய்ததை நாம் ஏன் ஸ்பேனருக்குச் செய்யவில்லை?

என் கணக்கில் காரணம் வண்டி. ஆசாரி நடந்தோ சைக்கிளிலோ போனார். உளி, சுத்தியல், இழைப்புளி, ரம்பம், மூலமட்டம். இதற்குக் கோணிப்பை போதும், பெட்டி வெறும் பாரம். சுமக்க வேறு ஏதாவது இருந்த இடத்தில்தான் பெட்டி வந்தது. அல்சூர் ஏரிப் பக்கம் போனவர்களுக்கு மதராஸ் சாப்பர்ஸ் முகாம் தெரிந்திருக்கும். 1780-இல் தொடங்கிய படை, 1834-இல் தலைமையிடத்தைப் பெங்களூருக்கு மாற்றிக்கொண்டது. அந்த வீரர்களை இன்றும் 'தம்பி' என்றே சொல்கிறார்கள். பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் வேலை என்பதால், அந்தக் காலத்தில் கருவிகள் கோவேறு கழுதை மேல் போயின. இரண்டு பக்கமும் சம எடை இல்லாவிட்டால் மிருகம் மலை ஏறாது. வேனுக்கும் இதே விதிதான், பின்னால் வருகிறேன்.

அப்புறம் ஆடுகோடியில் மைக்கோ வந்தது. (மைக்கோவில் வேலை பார்த்த ஒரு மாமா இல்லாத பெங்களூர்த் தமிழ்க் குடும்பம் உண்டா?) 2008 முதல் அதன் பெயர் பாஷ் லிமிடெட். கராஜ்களில் இரும்புப் பெட்டி புழங்கியது. திறந்தால் தட்டுகள் இரண்டு பக்கமும் படிபோல விரியுமே, அது. ஒர்க்‌ஷாப்பில் ஒரே இடத்தில் இருந்தால் அருமையான சாமான். ஆனால் அதன் மேல் இன்னொன்றை வைத்தால் கீழே இருப்பதைத் திறக்க முடியாது.

சொந்தத் தொழில் செய்கிறவருக்கு வண்டி வந்தது மெதுவாகத்தான். பக்கத்து ஓசூரிலிருந்து 1980-இல் டிவிஎஸ் 50, 1984-இல் மாருதி வேன், 2005-இல் டாட்டா ஏஸ், 2010-இல் ஈக்கோ. மாருதி வேன் பிறகு ஆம்னி என்ற பெயரில் ஓடி 2019-இல் நின்றது. இதற்குள் கைக்கருவிகள் போய் மின்கருவிகள் வந்துவிட்டன. ட்ரில் வாங்கினால் ஒரு பெட்டி, கிரைண்டர் வாங்கினால் இன்னொரு பெட்டி, ஒவ்வொன்றும் ஒரு வடிவம். ஒன்றின் மேல் ஒன்று நிற்காது.

ஜெர்மனியில் இதற்கு விடை கண்டார்கள். 1993-இல் டானோஸ் நிறுவனம் சிஸ்டெய்னர் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. ஃபெஸ்டூல் கருவிகள் அதில்தான் வரும். பழைய வகையின் நீள அகலம் எல்லா உயரத்துக்கும் 396, 296 மில்லிமீட்டர்தான். உயரம் மட்டும் 105, 157.5, 210, 315, 420 என்று மாறும். கவனியுங்கள், எல்லாமே 52.5-இன் மடங்கு. 1200க்கு 800 ஐரோப்பிய சரக்குப் பலகையில் ஒரு வரிசைக்கு எட்டுப் பெட்டி கச்சிதமாக உட்காரும். காமர்ஸ் படித்தவனுக்கே ஆசை வரும் கணக்கு! அடுத்து, வேனுக்குள் அலமாரி செய்கிற சோர்ட்டிமோவும் பாஷும் சேர்ந்து எல்-பாக்ஸ், அது 442க்கு 357. 2017-இல் மில்வாக்கியின் பேக்அவுட், அதற்கு வேறு அளவு, வேறு கொக்கி. ஒன்றின் மேல் மற்றொன்று பூட்டாது.

சிக்கல் இங்கேதான். கப்பல் கண்டெய்னரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீனின் ஐடியல் எக்ஸ் கப்பல் 58 பெட்டிகளோடு அமெரிக்காவின் நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. பெட்டிகளை ஒன்றோடொன்று பூட்டுகிற மூலைப்பூட்டின் காப்புரிமை அவர் கம்பெனியிடம் இருந்தது. 1963-இல் அதை எல்லோரும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தார்கள். 1968-இல் உலகப் பொது அளவு வந்தது. 1981-இல் அந்தப் பெட்டி ரயிலேறி, கடலே இல்லாத நம் பெங்களூருக்கு வந்தது. நாட்டின் முதல் உள்நாட்டுக் கண்டெய்னர் டெப்போ இங்கேதான். எவனுடைய பெட்டியும் எவனுடைய கப்பலிலும் ஏறும். கருவிப்பெட்டிக் கம்பெனிகள் எதுவும் அப்படி விட்டுக்கொடுக்கவில்லை. முதல் பெட்டி வாங்குகிற அன்றே அடுத்த பத்துப் பெட்டிக்கும் சேர்த்துத் தாலி கட்டிவிடுகிறோம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், தர்மபுரிக்காரர் ஒருவர், ஏசி மெக்கானிக், பழைய ஈக்கோ ஒன்றுக்கும் உள் சாமான்களுக்கும் கடன் கேட்டு வந்தார். எஸ்டிமேட்டில் மூன்று கம்பெனிப் பெட்டிகள். "அண்ணே, இது மூணும் ஒண்ணு மேல ஒண்ணு பூட்டுமா?" என்று கேட்டேன். "பூட்டாது சார், கயிறு போட்டுக் கட்டிக்கலாம்" என்றார். நாளைக்கு ஆறு வீடு போகிறவர். ஒவ்வொரு வீட்டிலும் கயிற்றை அவிழ்த்துக் கட்டவே பத்து நிமிஷம் என்றால் நாளைக்கு ஒரு மணி நேரம், அதாவது ஒரு வீட்டு வருமானம். மாதத் தவணை அந்த ஒரு வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

நாங்கள் பேசி முடிவு செய்தது இதுதான். பெட்டியைப் பார்க்காதே, கொக்கியைப் பார். எஸ்.பி. ரோட்டிலும் ஆன்லைனிலும் அதே வகை ஐந்து வருஷம் கழித்தும் தனியாகக் கிடைக்குமா என்று விசாரி. கருவி வாரியாகப் பிரிக்காமல் வேலை வாரியாகப் பிரி: சர்வீஸுக்கு ஒன்று, குழாய் விரிக்கிற சாமான்களுக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று. அப்போதுதான் மூன்றாம் மாடிக்கு எல்லாவற்றையும் தூக்க வேண்டியதில்லை. ஒரு பெட்டி பதினைந்து கிலோவைத் தாண்டக் கூடாது. வேக்குவம் பம்ப் போன்ற கனமானது அடியில், இரண்டு பக்கமும் எடை சமமாக (கழுதை நினைவிருக்கிறதா?). அடிப்பலகை வண்டித் தரையில் போல்ட் போட்டு இறுக வேண்டும். இல்லாவிட்டால் சடன் பிரேக் போடும்போது அடுக்கு முழுதும் டிரைவர் முதுகில் வந்து விழும். கேஸ் சிலிண்டர் பெட்டிக்குள் வேண்டாம், நிமிர்த்தித் தனியாகக் கட்டு. ராத்திரி தெருவில் நிறுத்துகிற வண்டி என்றால், விலை கூடிய கருவிகள் இருக்கிற பெட்டியை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோ. அடுக்குப்பெட்டியின் நிஜமான லாபம் இந்தக் கழற்றுகிற வசதிதான் என்பேன்.

வங்கிக்காரன் என்பதால் ஒன்று சொல்லாமல் விட மனசில்லை. 1908-ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, கடன்பட்டவரிடம் கோர்ட் எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று பட்டியல் போடுகிறது. முதலில் துணிமணி, சமையல் பாத்திரம், படுக்கை. அடுத்த வரியிலேயே கைவினைஞரின் கருவிகள். அந்த டிபன் கேரியரும் இந்தக் கருவிப்பெட்டியும் சட்டத்தின் கண்ணிலும் பக்கத்துப் பக்கத்து வீடு! ஆனால் கடனுக்கு ஈடாக நீங்களே எழுதிக் கொடுத்த சாமான் வேறு கதை. அதனால் கையெழுத்துப் போடும் முன், வேன் மட்டும் ஈடா, உள்ளே இருக்கிற கருவிகளும் சேர்த்தியா என்று பத்திரத்தைப் படித்துப் பாருங்கள்.

கருவிக்கென்றே அரசு உதவியும் உண்டு. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் கருவித் தொகுப்புக்கு ₹15,000, அதோடு 5 சதவீத வட்டியில் இரண்டு தவணையாக ₹3 லட்சம் வரை கடன். 18 தொழில்கள். தச்சர், கொத்தனார், பூட்டுச் செய்பவர், ஏன், சுத்தியலும் கருவித் தொகுப்பும் செய்பவர்கூடப் பட்டியலில் இருக்கிறார். பிளம்பர் இல்லை, எலக்ட்ரீஷியன் இல்லை, ஏசி மெக்கானிக்கும் இல்லை. தர்மபுரி அண்ணனின் விண்ணப்பத்தை முத்ராவில்தான் போட வேண்டியிருந்தது.