வியர்வை தின்ற ஸ்ட்ராட்

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரத்து ஃபெண்டர் தொழிற்சாலையில் 1961-ல் செய்யப்பட்ட ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார், வண்ணம் மாறிப்போன ஒரு ஆர்டரின் பேரில் அயர்லாந்துக்கு வந்தது. ராயல் ஷோபேண்ட் என்ற நடன இசைக்குழுவில் வாசித்த ஜிம் கான்லன் கேட்டது சிவப்பு. ஷேடோஸ் குழுவின் ஹாங்க் மார்வின் கையில் சிவப்பு ஸ்ட்ராட்டைப் பார்த்திருந்த காலம். வாசிக்கிறவர்கள் பலருக்கும் அதன்மேல்தான் கண். வந்து இறங்கியதோ சன்பர்ஸ்ட்: நடுவில் தேன் மஞ்சள், ஓரம் போகப் போகச் சிவந்து கறுக்கும் பூச்சு. சிவப்பு வரும்வரை அதையே வாசித்துவிட்டு, வந்ததும் கார்க் நகரத்தில் இருந்த க்ரௌலி இசைக்கருவிக் கடையில் விற்பனைக்கு விட்டுவிட்டார்.

1963-ல் அந்தக் கடைக்கு வந்த பையனுக்கு வயது 15. பெயர் ரோரி கலஹர்; பின்னாளில் புகழ்பெற்ற ராக் கிட்டார் கலைஞர். விலை நூறு பவுண்டு. ஒரு சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாத தொகை, தவணையில்தான் வாங்கினான். இந்த ஒரே கிட்டாரில் தாளமும் வாசிக்கலாம், தனியாவர்த்தனமும் வாசிக்கலாம், குழுவுக்கு இன்னொரு ஆள் தேவைப்படாது என்று அம்மாவிடம் கணக்குச் சொன்னதாக அவர் தம்பி டோனல் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் அம்மாக்களிடம் சொல்லும் கணக்குகளில் இதுபோலப் பலித்தவை குறைவு.

அன்றைக்கு அது இரண்டு வயதான செகண்ட் ஹாண்ட் கிட்டார், அவ்வளவுதான். பழங்கிட்டார் சந்தை என்ற ஒன்றே அப்போது இல்லை. 1965 தொடக்கத்தில் ஃபெண்டர் நிறுவனம் சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. தரம் இறங்கிவிட்டது என்று வாசிப்பவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் 1965-க்கு முந்தைய ஆண்டுகளின் மரமும் கம்பிச்சுருளும் தேடப்படும் பொருளாயின. தேடல் வந்ததும் விதிகளும் வந்தன. உடலைத் திருப்பிப் பூசியிருந்தால் விலை ஏறக்குறைய பாதி. பிக்கப்பை மாற்றியிருந்தால் குறையும், ட்யூனரை மாற்றியிருந்தால் குறையும், சால்டர் வைத்த இடத்தை யாராவது கலைத்திருந்தாலும் குறையும். ஃப்ரெட் கம்பி தேய்வது இயல்பு என்பதால் அதை மாற்றியதற்கு மட்டும் கொஞ்சம் மன்னிப்பு உண்டு. வாங்க வருகிறவர் புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்ப்பார். பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு ஒரு விதமாக ஒளிரும், புதுப்பூச்சு வேறு விதமாகக் காட்டிக்கொடுக்கும். குமிழ்களுக்கு அடியிலுள்ள பாகத்தில் குத்தியிருக்கும் எண்ணைப் படித்தால் அந்தப் பாகம் எந்த ஆண்டு, எந்த வாரம் செய்தது என்பது தெரிந்துவிடும்.

எந்தப் பழுது எவ்வளவு குறைக்கும் என்பது கட்டுமானத்தைப் பொறுத்தது. கிப்ஸன் லெஸ் பால் கிட்டாரில் கழுத்தை உடலோடு பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கீழே விழுந்தால் அங்கேதான் முறியும். நன்றாக ஒட்டினால் பழைய உறுதி வந்துவிடும், ஆனால் விலை பாதியோடு நின்றுவிடும். ஃபெண்டர் அப்படியில்லை. நான்கே திருகு. கழற்றினால் கழுத்து தனி, உடல் தனி. லியோ ஃபெண்டர் அடிப்படையில் ரேடியோ ரிப்பேர்காரர். பழுதானால் பாகத்தை மாற்றிக்கொள்ளட்டும் என்றே வடிவமைத்தார். மாற்றுவதற்காகவே செய்த பொருளில் எதையும் மாற்றாததற்கு அதிக விலை என்ற விநோதத்தை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

கார்க் பையனின் ஸ்ட்ராட்டை இந்த விதிகளின்படி நிறுத்துப் பார்த்தால் மிஞ்சுவது சொற்பம். 1960-களின் நடுவில் டப்ளினில் வேனிலிருந்து அதைத் திருடிக்கொண்டு போனார்கள். தொலைக்காட்சியில் காவல்துறை நிகழ்ச்சியொன்றில் அறிவிப்பு வந்தது. சில நாள் கழித்துக் கிடைத்தபோது மழையில் நனைந்து, கீறல் விழுந்து கிடந்தது. இனி இதை விற்கவும் மாட்டேன், பூசவும் மாட்டேன் என்று அப்போதே முடிவெடுத்ததாக ரோரி சொல்லியிருக்கிறார்.

பூச்சு உரிந்ததற்கு அந்த மழையைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. முக்கியக் காரணம் வியர்வை. அவருடைய வியர்வையில் அமிலம் அதிகம் என்று ஒரு கதையும் கூடவே உலவுகிறது. அதெல்லாம் தேவையில்லை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேடையில் துள்ளி வாசிக்கும் மனிதர், ஆண்டு முழுக்கப் பயணம், மெல்லிய நைட்ரோ பூச்சு, இவை போதும். 1974-ன் அயர்லாந்துப் பயணத்தைப் படமாக்கிய டோனி பாமரின் ஆவணப்படத்தில் பார்த்தால், வெறும் மரம் ஏற்கெனவே பெரிதாக வெளியே தெரிகிறது. வட அயர்லாந்துக் கலவரத்துக்கு அஞ்சிப் பல குழுக்கள் பெல்ஃபாஸ்ட் பக்கமே போகாத ஆண்டுகள் அவை. ரோரி தொடர்ந்து போனார். கிட்டாரும் போனது.

பூச்சு போன இடத்தில் ஈரம் ஏறும். கழுத்து வியர்வையைக் குடித்துக் குடித்து வளைந்துபோனது. நான்கு திருகைக் கழற்றி வேறு கழுத்தைப் பூட்டினார்கள். பழையது ஈரம் வற்றி நிமிர்ந்த பிறகு அதையே திரும்பப் பூட்டினார்கள். ஃப்ரெட்டுகள் பலமுறை மாறின. பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் அடையாளப் புள்ளிகளில் ஒன்று விழுந்துவிட, அங்கே வெள்ளை பிளாஸ்டிக் வந்து உட்கார்ந்தது. ட்யூனர்கள் மாறியதில் ஐந்து ஒரு கம்பெனி, ஒன்று வேறு கம்பெனி. உள்ளே டோன் குமிழின் வயரிங்கும் தொழிற்சாலை விட்டபடி இல்லை. இதே பட்டியலோடு பெயர் தெரியாத ஒருவரின் ஸ்ட்ராட் கடைக்கு வந்தால், வியாபாரி பார்த்ததும் உதட்டைப் பிதுக்குவார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஒட்டுப்போட்ட கிட்டாரில் அவர் பயப்படுவது பழுதைப் பற்றி அல்ல. கண்ணுக்குத் தெரியாத இன்னும் எத்தனை பழுது இருக்கிறதோ என்பதைப் பற்றி. அந்தச் சந்தேகத்துக்குத்தான் அவர் தள்ளுபடி கேட்கிறார். ரோரியின் கிட்டாரில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு உரிசலுக்கும் புகைப்படம் இருக்கிறது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் மேடைப் பதிவு இருக்கிறது, பதினைந்து வயதிலிருந்து ஒரே சொந்தக்காரர். பழுதுக்குச் சாட்சி கிடைத்துவிட்டால் தள்ளுபடி நின்றுவிடுகிறது. சாட்சி சொல்பவர் கலஹர் மாதிரி ஆளாக இருந்தால் கணக்கு தலைகீழாகிறது. எரிக் கிளாப்டனின் ‘பிளாக்கி’ மூன்று ஸ்ட்ராட்டுகளின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது; 2004-ல் 9,59,500 டாலருக்குப் போனது. டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட்டில் மாற்றாத பாகத்தைத் தேடவேண்டும்; 2019-ல் ஏறத்தாழ 40 லட்சம் டாலர்.

ஆனாலும் இந்தத் தொகைகளைக் கிட்டாரின் மதிப்பு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒலிக்காகவோ மரத்துக்காகவோ யாரும் இவ்வளவு கொடுப்பதில்லை. ஃபெண்டர் நிறுவனமே ரோரி ஸ்ட்ராட்டுக்கு நகல் செய்து விற்கிறது. உரிந்த பூச்சு அதே வடிவில், ஜோடி சேராத அந்த ஒற்றை ட்யூனர் உட்பட. புதுக் கிட்டாரில் திட்டமிட்டே ஒரு ட்யூனரை மாற்றிப்போட்டு அதற்குக் கூடுதல் காசு வாங்குகிறார்கள். இன்னொரு பக்கம், அறுபது ஆண்டு பெட்டியிலேயே கிடந்ததால் பளபளக்கும் ஸ்ட்ராட்டைச் சந்தை கொண்டாடுகிறது. யாரும் ஆசையாக எடுத்து வாசிக்காததற்குக் கிடைக்கும் பரிசு அது. இரண்டில் எது பெரிய கூத்து என்று தீர்மானிக்க முடியவில்லை.

1995 ஜூனில் ரோரி லண்டனில் இறந்தார். வயது 47. கிட்டார் டோனலிடம் இருந்தது. சுமார் 30 ஆண்டு கழித்து, 2024 அக்டோபரில், லண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்துக்கு வந்தது. அது நாட்டை விட்டுப் போய்விடக்கூடாது என்று அயர்லாந்தில் குரல்கள் எழுந்தன. ஏலக்காரர்கள் போட்ட மதிப்பு 7 முதல் 10 லட்சம் பவுண்டு. லைவ் நேஷன் கெய்ட்டி நிறுவனம் வாங்கி, அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதாக அறிவித்தது.

சுத்தியல் விழுந்தது சரியாக 7 லட்சத்தில், மதிப்பீட்டின் அடிமட்டத்தில். ஏல நிறுவனத்தின் கட்டணம் சேர்ந்து கட்டவேண்டிய தொகை 8,89,400 பவுண்டு ஆனது. அந்தக் கட்டணத் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தால், யாரும் கைவைக்காத 1961 சன்பர்ஸ்ட் ஸ்ட்ராட் நான்கைந்து வாங்கிவந்திருக்கலாம்.