செல்லம் என்ற பெயரோடு ஒட்டியது

புலம்பெயர்ந்த இந்தியப் பெண்களின் புனைவைப் பேசும் கட்டுரைகளில் ‘பண்பாட்டு அடையாளம்’ என்ற சொல்லுக்குப் பின்னாலேயே ஒரு கப்பலும் வந்துவிடுகிறது. விட்டுவந்த கரை, சேர்ந்த கரை, நடுவில் தத்தளிக்கும் பெண். தாப்பாவிலிருந்து படிக்கும் எனக்கு இந்தப் படம் போதவில்லை. மலேசியத் தமிழரிடம் அடையாளம் என்றால் முதலில் அட்டைதான்: குடிமக்களுக்கான நீலமா, நிரந்தரவாசிகளுக்கான சிவப்பா? 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர்களிடம் வேலை அனுமதிச் சீட்டு கேட்கப்பட்டது. பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். ஆங்கிலம் படித்த ஈப்போ வழக்கறிஞருக்கு அந்தக் கவலை இல்லை. இருவரையும் ‘மலேசிய இந்தியர்’ என்ற ஒரே பெயரில் அடக்குவது ஆய்வுக்கு வசதி, அவ்வளவுதான்.

ஈப்போவில் வளர்ந்த பிரீத்தா சமரசனின் ‘ஈவ்னிங் இஸ் தி ஹோல் டே’ (2008) இந்த வசதியைக் குலைக்கும் நாவல். அதில் அடையாளக் கோடு கடலில் ஓடவில்லை. கிங்ஃபிஷர் லேனிலுள்ள பெரிய வீட்டுக்குள், சாப்பாட்டு மேசைக்கும் குசினிக்கும் நடுவே ஓடுகிறது. நாடு சுதந்திரம் பெறும் காலத்தில் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரிடம் வசதியான தமிழ்க் குடும்பம் ஒன்று வாங்கிய வீடு அது. துரை போய்விட்டார், துரையின் நாற்காலி காலியாகவில்லை. 1980இல் கதை தொடங்கும்போது வேலைக்காரப் பெண் செல்லம் அங்கிருந்து துரத்தப்படுகிறாள். அந்த வீட்டுப் பாட்டியின் சாவுக்கான பழி அவள்மேல். அவள் சம்பளத்தையோ தகப்பன் வந்து வாங்கிக் குடித்துத் தீர்க்கிறான்.

வீட்டில் அவளுக்கு வழங்கும் பெயர் ‘செல்லம்சர்வன்ட்’. ஆங்கில வாசகருக்கு இது ஒரு விசித்திரமான கூட்டுச்சொல். தமிழ் வாசகருக்கோ முதல் பாதியே சுடுகிறது. பெற்றவர்கள் கொஞ்சி வைத்த சொல்லோடு, இடைவெளிகூட விடாமல், தொழில் ஒட்டப்பட்டிருக்கிறது. நாவலின் மிகக் கூர்மையான சமூக விமர்சனம் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அதைக் கேட்கத் தமிழ்க் காது வேண்டும்.

தலைப்பையும் இதனருகே வைத்துப் பார்க்கலாம். அது குறுந்தொகைப் பாடலொன்றின் ஜார்ஜ் எல். ஹார்ட் மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. துணையில்லாதவர்க்குப் பொழுதெல்லாம் மாலையே என்பது அப்பாடலின் கருத்து. சங்கத் தமிழ், கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் ஆங்கிலம் வழியாக நூலின் நெற்றியில் ஏறிக்கொள்கிறது. அன்றாடத் தமிழ் பாத்திரம் துலக்கும் இடத்தில் நிற்கிறது. ஒரே மொழிக்குள் இரண்டு வாசல். சமரசன் இதைத் திட்டமிட்டாரா என்பது எனக்கு முக்கியமில்லை, பிரதியில் இருக்கிறது.

1971இன் புதிய பொருளாதாரக் கொள்கையையும் 1969 மே 13 இனக்கலவரத்தையும் விட்டுவிட்டு வீட்டு வேலைக்காரியைப் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். நாவல் கலவரத்தை விடவில்லை. ஆனால் வெளியே ஒதுக்கப்பட்டவர்கள் உள்ளே ஒதுக்கக் கற்றுக்கொள்வதையும் சேர்த்துக் காட்டுகிறது. பிந்தியதைச் சொல்லத்தான் துணிச்சல் அதிகம் வேண்டும்.

ராணி மணிக்காவின் ‘தி ரைஸ் மதர்’ (2002) வேறு பாதை. இலங்கையிலிருந்து மலாயாவுக்கு வாழ்க்கைப்பட்டு வரும் லட்சுமியின் வம்சக் கதையில் தாயின் பிடிவாதமே பண்பாடு. கப்பல் படம் அங்கே ஓரளவு பொருந்தும். ஆனால் அலுவலக வேலைக்கு வந்த இலங்கைத் தமிழர் குடும்பத்தின் நினைவைக் கித்தா மரத்தடியில் விடியுமுன் மங்கு ஏந்திய பெண்ணின் நினைவாகவும் வாசிப்பது பிழை. பால் வெட்டிய தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, லயங்கள் காலியான பிறகு, அந்தப் பெண்ணின் மகள்கள் நகரத்து வீடுகளின் பின்வாசல் வழியாகவும் நுழைந்தார்கள். செல்லத்தின் இடம் அங்கே.

இந்த நாவலைத் தமிழாக்கினால் அவளை எப்படி அழைப்பது? ‘வேலைக்காரச் செல்லம்’ என்றால் தொழில் முந்திக்கொள்ளும். ‘வேலைக்காரி செல்லம்’ என்றால் நடுவில் ஒரு மூச்சு விழும். அந்த வீட்டார் அவளுக்கு அந்த மூச்சைக்கூட விடவில்லை.