இலண்டன் மாநகரின் கட்டணமில்லா வாயில்

இலண்டன் மாநகரைச் சுற்றிப் பார்க்கச் செல்வோரின் பணப்பை விரைவில் இளைத்துவிடும். தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள பழங்கோட்டையைக் காணக் கட்டணம். மன்னர்கள் முடிசூடும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம். தூய பவுல் பேராலயத்திற்கும் அவ்வாறே. தொழுவதற்கென்று செல்வோரிடம் மட்டுமே அவ்விரு ஆலயங்களிலும் காசு கேட்பதில்லை. ஆனால், புளூம்ஸ்பரிப் பகுதியில் நெடிய தூண்களோடு நிற்கும் பிரிட்டிஷ் அரும்பொருட் காட்சிச்சாலையின் நிலை வேறு. எகிப்து நாட்டு ரொசெட்டாக் கல்லும், அசீரிய மன்னரின் அரண்மனைச் சிற்பங்களும், ஏதென்ஸ் நகரிலிருந்து பெயர்த்து வந்த பளிங்குருவங்களும் அங்கே உள்ளன. அவற்றைக் காண ஒரு காசும் தரவேண்டுவதில்லை. டிராபல்கர் சதுக்கத்துத் தேசிய ஓவியக்கூடமும், தென் கென்சிங்டனிலுள்ள மூன்று பெருங் காட்சிச்சாலைகளும் இவ்வாறே திறந்து கிடக்கின்றன. சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் தனிக் கட்டணம் உண்டு.

இதனை ஆங்கிலேயர் தம் குடிமக்களுக்கு மனமுவந்து அளித்த கொடை என்று எழுதுவோர் உளர். வரலாற்றைப் புரட்டினால் அவ்வாறு தோன்றவில்லை. 'கட்டணம் இல்லை' என்று சட்டம் சொன்ன ஆண்டு ஒன்று. உழைக்கும் மக்கள் தயக்கமின்றி உள்ளே செல்ல முடிந்த ஆண்டு மற்றொன்று. இரண்டிற்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வழக்கு நடந்திருக்கிறது.

காட்சிச்சாலைக்கு வித்திட்டவர் சர் ஹான்ஸ் சுலோன் என்னும் மருத்துவர். 1660-ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்த இவர், இளமையில் ஜமேக்காத் தீவுக்குச் சென்று செடிகொடிகளைத் திரட்டி வந்தார். பின்னர் அரச குடும்பத்திற்கு மருத்துவம் பார்த்துப் பெரும்பொருள் ஈட்டினார். அவர் மணந்த பெண்மணி ஜமேக்காத் தோட்ட முதலாளி ஒருவரின் கைம்பெண். ஆகவே, அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்பின் வருவாயும் அவர் சேர்த்த பொருள்களில் கலந்திருந்தது. 1753-இல் அவர் மறைந்தபோது நூல்கள், நாணயங்கள், கற்கள், உலர்ந்த செடிகள் என ஏறத்தாழ 71,000 பொருள்கள் இருந்தன. தம் பெண்மக்களுக்கு 20,000 பவுண்டு கொடுத்தால் இவற்றை நாடு எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் எழுதிவைத்த உயில். அதன் மதிப்போ அதனினும் பன்மடங்கு.

அரசின் கருவூலம் கைவிரித்தது. பாராளுமன்றம் ஒரு வழி கண்டது. மூன்று பவுண்டு விலையில் ஒரு நூறாயிரம் லாட்டரிச் சீட்டுகள் விற்கப்பட்டன. சீட்டு விற்றதில் ஊழலும் நடந்தது. பொறுப்பிலிருந்தவர்களே சீட்டுகளை மொத்தமாக வளைத்து உயர்ந்த விலைக்கு விற்றனர். எனினும், பரிசுகளும் செலவும் போக ஏறத்தாழ 95,000 பவுண்டு கிடைத்தது. அதைக்கொண்டு பொருள்களையும் அவற்றை வைக்க மாண்டேகு மாளிகையையும் வாங்கினர். கற்போருக்கும் அறிய விழைவோருக்கும் இங்கே தடையற்ற நுழைவு உண்டு என்று 1753-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1759-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் வாயில் திறந்தது.

வாயில் திறந்தது என்பதைச் சற்று விளக்க வேண்டும். காட்சிச்சாலையைக் காண விரும்புபவர் முதலில் வாயிற்காப்போனிடம் சென்று தம் பெயர், நிலை, முகவரி ஆகியவற்றை எழுதித் தரவேண்டும். அந்தப் பதிவேடு தலைமை நூலகரிடம் போகும். அவர் 'தகுதியுடையவர்' என்று ஒப்பினால், சீட்டைப் பெற மற்றொரு நாள் வரவேண்டும். சீட்டில் குறித்த நாளிலும் நேரத்திலும் மீண்டும் வரவேண்டும். ஒரு மணி நேரத்திற்குப் பத்துப் பேருக்கு மேல் சீட்டு இல்லை. உள்ளே சென்றபின்னும் விரும்பியவாறு நின்று பார்க்க இயலாது. அலுவலர் ஒருவர் சிறு கூட்டமாக அழைத்துச் செல்வார். திறப்பு நேரமோ வேலை நாள்களின் பகற்பொழுது. காலை முதல் இருட்டும்வரை நெசவுத் தறியிலோ கொல்லன் உலையிலோ நிற்பவன் இத்தனை முறை வந்துபோக முடியுமா? அவனிடம் காசு கேட்கவில்லை; கூலியை இழக்கச் சொன்னார்கள்.

இந்த ஏற்பாடு அறியாமையால் நேர்ந்ததன்று. காட்சிச்சாலையின் அறங்காவலர்களுள் ஒருவரான ஜான் வார்டு என்னும் அறிஞர், எளிய மக்களை உள்ளே விட்டால் அவர்களைக் கட்டுப்படுத்த இயலாது என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார். சட்டம் கட்டணத்தை விலக்கியபடியால், கட்டணம் செய்யவேண்டிய வேலையைச் சீட்டு செய்தது எனலாம்.

இதன் விளைவை நேரிற் கண்டு எழுதிவைத்தவர் வில்லியம் ஹட்டன். இவர் பர்மிங்ஹாம் நகரத்துப் புத்தக வணிகர். ஏழு வயதில் டார்பி நகரப் பட்டாலையில் வேலைக்கு அனுப்பப்பட்டவர். தாமே முயன்று கற்று, வரலாற்று நூல்கள் எழுதுமளவு உயர்ந்தவர். சட்டம் சொன்ன 'அறிய விழைவோர்' இவரைவிட யார் இருக்க முடியும்? 1784-ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டன் வந்த இவர், முறைப்படி சீட்டுப் பெறும்வரை காத்திருக்க இயலாமல், சீட்டு வைத்திருந்த ஒருவரிடம் ஏறத்தாழ இரண்டு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். ஆம், இலவசச் சீட்டுக்குக் கள்ளச் சந்தையில் விலை ஏற்பட்டிருந்தது!

உள்ளே சென்ற ஹட்டன் கண்டது என்ன? பத்துப் பேர் கொண்ட கூட்டம் அறை அறையாக விரட்டப்பட்டது. இவை என்ன பொருள்கள் என்று அவர் கேட்டார். எல்லாவற்றையும் தன்னால் சொல்லமுடியுமா, பலவற்றின்மேல் பெயர் எழுதியிருக்கிறதே என்று அழைத்துச் சென்றவன் கடிந்துகொண்டான். அதன்பின் எவரும் வாய் திறக்கவில்லை. ஏறத்தாழ அரைமணி நேரத்தில் அனைவரும் வெளியே நின்றனர். உள்ளே நுழையும்போது எவ்வளவு அறிந்திருந்தாரோ அவ்வளவே அறிந்தவராக வெளியே வந்ததாக ஹட்டன் மனம் நொந்து எழுதினார். அவர் எழுத்தாளர், ஆகவே அந்த அரைமணி நேரம் வரலாற்றில் நின்றது. வாய்மூடித் திரும்பிய மற்ற ஒன்பது பேரின் மனக்குறையை யார் அறிவார்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீட்டுமுறை தளர்ந்தது. 1810 முதல் திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாள்களில், தக்க உடையுடன் வருவோர் சீட்டின்றியே செல்லலாயினர். 'தக்க உடை' எது என்று முடிவு செய்தவன் வாயிற்காப்போன். விடுமுறை நாள்களில் வாயில் மூடியே இருந்தது. 1833-இல் வில்லியம் காபெட் பாராளுமன்றத்தில் இதைச் சாடினார். செல்வரும் பொழுதுபோக்குவோரும் கண்டுகளிக்கும் இடத்திற்கு உழவரும் வணிகரும் ஏன் வரி செலுத்த வேண்டும் என்பது அவர் கேள்வி. அதற்குப் பொதுப்பணம் தரலாகாது என்றே அவர் பேசினார்; ஆனால், வரி கொடுப்பவன் உள்ளே வர உரிமையுடையவன் என்னும் எண்ணத்திற்கு அப்பேச்சு வழிவிட்டது.

அடுத்து வந்த தெரிவுக் குழுவின் விசாரணை, படிக்குந்தோறும் நகைப்பும் வெறுப்பும் ஊட்டவல்லது. ஈஸ்டர் விடுமுறையில் ஏன் திறக்கக்கூடாது என்று தலைமை நூலகர் சர் ஹென்றி எல்லிஸைக் கேட்டனர். கப்பற்றுறைகளிலிருந்து மாலுமிகளும், அவர்கள் உடன் அழைத்து வரும் பெண்களும் வந்து நிறைவார்கள். மேன்மக்கள் அத்தகையோருடன் கலக்க விரும்பார் என்ற கருத்தில் அவர் விடையளித்தார். குழுவினர் இதற்கு இணங்கவில்லை. 1837-ஆம் ஆண்டு ஈஸ்டர் திங்களன்று வாயில் திறக்கப்பட்டது. அந்த ஒரே நாளில் 23,000-க்கு மேற்பட்டோர் வந்தனர். மாலுமிகளும் வந்திருப்பர், பெண்களும் வந்திருப்பர். பொருள் ஒன்றும் உடையவில்லை.

பின்னர் ஒன்று உடைந்தது உண்மை. உரோமர் செய்த நீலநிறக் கண்ணாடிச் சாடி ஒன்று, போர்ட்லண்டு கோமகனுக்கு உரியது, 1810 முதல் காட்சிச்சாலையில் இருந்தது. 1845-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் ஓர் இளைஞன் அருகிலிருந்த சிற்பத் துண்டை எடுத்து அதன்மேல் வீசினான். சாடி ஏறத்தாழ 200 துண்டுகளாயிற்று. வீசியவன் மாலுமியல்லன், டப்ளின் நகரத்துத் திரித்துவக் கல்லூரியில் பயின்றவன், பல நாளாகக் குடித்திருந்தவன். அக்காலச் சட்டம் ஐந்து பவுண்டுக்கு மேற்பட்ட பொருளின் அழிவைக் கருதவே இல்லை! ஆகவே, சாடியை மூடியிருந்த கண்ணாடிப் பேழையை உடைத்த குற்றத்திற்கே அவனுக்கு மூன்று பவுண்டு தண்டம் விதிக்க முடிந்தது. பெயர் சொல்லாத ஒருவர் அத்தொகையைக் கட்டி அவனை விடுவித்தார். அதே ஆண்டில் சாடியும் ஒட்டப்பட்டது. கலைப்பொருள்களைக் காக்கப் புதுச் சட்டமும் வந்தது. வாயிலை மீண்டும் அடைக்கவில்லை என்பதே இங்கே கருதத்தக்கது.

மக்கள்மீதிருந்த அச்சம் அத்துடன் ஒழிந்ததா என்றால், இல்லை. 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், வாக்குரிமை கோரிய சாசன இயக்கத்தினர் பேரணி திரண்டபோது, காட்சிச்சாலை ஒரு கோட்டைபோல் காவல் செய்யப்பட்டது. நூல்களைக் காத்த அலுவலர்கள் சிறப்புக் காவலர்களாக உறுதிமொழி எடுத்துத் தடி ஏந்தினர். எவரும் தாக்கவில்லை.

இதே காலத்தில் ஓவியக்கூடத்தைப் பற்றியும் வழக்கெழுந்தது. 1824-இல் 38 ஓவியங்களுடன் தொடங்கிய தேசிய ஓவியக்கூடம் 1838-இல் டிராபல்கர் சதுக்கத்திற்கு வந்தது. நகரின் புகையும், மழைக்கு ஒதுங்கும் கூட்டத்தின் மூச்சும் தூசியும் ஓவியங்களைக் கெடுக்கின்றன. தூய காற்றுள்ள புறநகர்க்கு அவற்றைக் கொண்டுசெல்லலாம் என்றனர் சிலர். 1857-இல் இதனை ஆராய்ந்த குழுவிற்கு நீதிபதி கோல்ரிட்ஜ் ஒரு மடல் எழுதினார். ஓவியங்கள் நிலைத்திருப்பது மட்டும் நோக்கமன்று, மக்கள் அவற்றால் மேலான இன்பம் பெறுவதே நோக்கம் என்பது அதன் சாரம். ஓவியக்கூடம் இடம் பெயரவில்லை. மேற்கிலிருந்து செல்வர் வண்டியில் வரலாம். கிழக்கிலிருந்து ஏழைகள் நடந்து வரலாம். தொலைவும் ஒருவகைக் கட்டணமே என்பதை அன்றே சிலர் உணர்ந்திருந்தனர்.

நேரமும் அத்தகையதே. அதே 1857-இல் திறந்த தென் கென்சிங்டன் காட்சிச்சாலையில், ஹென்றி கோல் என்பவர் எரிவாயு விளக்குகளை ஏற்றி, பகலெல்லாம் உழைத்தவர்கள் மாலையில் வந்து காண வழிசெய்தார். அங்குக் கிழமைக்கு மூன்று நாள் இலவசம். மாணாக்கர் அமைதியாகப் பயில ஒதுக்கிய மற்ற நாள்களில் ஆறு பென்னி. தூய பவுல் பேராலயத்தில் சுற்றிப் பார்ப்போரிடம் வாங்கிவந்த இரண்டு பென்னி 1851-இல் கைவிடப்பட்டது. பல்லாண்டுகளுக்குப்பின் கட்டணம் மீண்டும் வந்துவிட்டது. தொழிலாளரின் ஒரே ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில் பிரிட்டிஷ் காட்சிச்சாலையும் ஓவியக்கூடமும் திறக்கப்பட 1896 வரை காத்திருக்க நேர்ந்தது. ஓய்வுநாளைத் தொழுகைக்கே உரியதாகக் கருதியோர் அதுவரை இணங்கவில்லை. சட்டம் பிறந்த 1753-இலிருந்து கணக்கிட்டால் 143 ஆண்டுகள்.

இருபதாம் நூற்றாண்டில் வழக்கு எதிர்த்திசையில் திரும்பியது. 1974-ஆம் ஆண்டு ஜனவரியில் எட்வர்டு ஹீத் அரசு தேசியக் காட்சிச்சாலைகளில் கட்டணம் விதித்தது. வருவோர் தொகை சரிந்தது. ஆட்சி மாறவே, மார்ச் இறுதியில் கட்டணம் நீங்கியது. எண்பதுகளில் மீண்டும் தலைகாட்டியது. விக்டோரியா-ஆல்பர்ட் காட்சிச்சாலை 1985-இல் 'விரும்பியதைக் கொடுக்கலாம்' என்று பெட்டி வைத்து, 1996-இல் கட்டாயக் கட்டணத்தில் வந்து நின்றது. இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையும் அறிவியற் காட்சிச்சாலையும் 1987, 1988-ஆம் ஆண்டுகளிலேயே கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டன. பிரிட்டிஷ் காட்சிச்சாலையும் ஓவியக்கூடமும் உறுதியாக நின்றன. இதில் ஒரு விந்தை என்னவெனில், கட்டணம் வாங்கும் நிறுவனம் தான் செலுத்திய மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பப் பெறலாம்; இலவசமாகத் திறந்துவைப்பது பெற இயலாது. அறம் செய்பவனுக்கே தண்டம்! இந்த முரணை 2001-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் எல்லாத் தேசியக் காட்சிச்சாலைகளும் இலவசமாயின. முன்பு கட்டணம் வாங்கிய இடங்களுக்கு ஆண்டொன்றிற்கு ஏறத்தாழ 70 இலட்சம் பேர் வந்த நிலை மாறி, பத்தாண்டுகளில் அத்தொகை 180 இலட்சத்தை எட்டியது. கூடுதலாக வந்தவர்களிற் பெரும்பாலோர் முன்பும் வந்துகொண்டிருந்த வகுப்பினரே என்பதையும் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். ஹட்டனைப் போன்றவரின் பிள்ளைகளை அழைத்துவரக் காசை நீக்குவது மட்டும் போதவில்லை.

அண்மையில் புதியதொரு குரல் கேட்கிறது. உள்நாட்டாருக்கு இலவசம் தொடரட்டும், வெளிநாட்டார் 20 பவுண்டு தரட்டும் என்று பிரிட்டிஷ் காட்சிச்சாலையின் இடைக்கால இயக்குநராக இருந்த மார்க் ஜோன்ஸ் 2024-இல் யோசனை கூறினார். கூரை ஒழுகும் பழங்கட்டடத்தைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டும் என்பது மெய்யே. ஆனால், உள்ளிருக்கும் பொருள்கள் எங்கிருந்து வந்தன என்பதும் கேட்க வேண்டிய கேள்வியன்றோ? சிங்கப்பூரில் கம்பெனியின் கொடியை நாட்டிய ராபிள்ஸ் திரட்டிய சாவகப் பொருள்கள் அங்கே உள்ளன. சென்னையில் பல்லாண்டு கிடந்து, 1859-இல் கப்பலேறிய அமராவதிச் சிற்பங்கள் உள்ளன. இலங்கையின் கீழைக் கரையில் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்த, பொன்முலாம் பூசிய தாரைத் தேவியின் வெண்கலத் திருவுருவும் உள்ளது. ஆளுநராயிருந்த பிரவுன்ரிக் 1830-இல் அதனை அளித்தார். ஏறத்தாழ முக்கால் ஆள் உயரமுள்ள அத்திருமேனியின் இடையும் மார்பும் பொதுமக்கள் கண்ணுக்கு ஏற்றவையல்ல என்று கருதி, முப்பதாண்டுக் காலம் அதனை உள்ளறையில் வைத்துப் பூட்டினர். கேட்டுவந்த அறிஞர்க்கு மட்டுமே காட்டினர். இன்று எவரும் அதனைக் கட்டணமின்றிக் காணலாம். அந்த யோசனை நடைமுறைக்கு வருமானால், விசா பெற்று, வானூர்திக்குப் பணம் கட்டி, மட்டக்களப்பிலிருந்து சென்று இறங்கும் ஒருவர், தாரையின் முன் நிற்க மேலும் 20 பவுண்டு எண்ணி வைக்க வேண்டும்.